சட்டையில் ஓர் அட்டை

திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் தொழிலாளர் நம்பிக்கை குலைந்ததற்கு நிதி நெருக்கடியையே காரணமாகச் சொல்வது வழக்கம். அது பாதி விடை. 2023 ஜனவரியில் வைக்கம் பணிமனையின் பெண் நடத்துநர் ஒருவர், 'ஊதியமற்ற சேவை, 41ஆம் நாள்' என்றெழுதிய அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு பணி செய்தார். அதற்காக நிர்வாகம் அவரைப் பாலாவுக்கு மாற்றியது. அமைச்சர் ஆண்டனி ராஜு தலையிட்ட பின்னரே ஆணை நீங்கியது. பணமில்லை என்பதைத் தொழிலாளர் புரிந்துகொள்வர். அன்றாட வசூலை எண்ணிக் கட்டுபவர்களே அவர்கள்தாமே! பணம் வரவில்லை என்று சொல்வதே குற்றமாகும்போதுதான் நிர்வாகத்தின் எந்தக் கணக்கும் நம்பத்தகாததாகிறது. இதற்கிடையே, பிப்ரவரியில், ஊதியம் இரு தவணைகளாக்கப்பட்டது. விரும்பாதோர் எழுதித் தரலாம் என்றது சுற்றறிக்கை. அவர்களுக்கு அரசின் உதவி வந்த பிறகே ஊதியம்.