எழுத்தின்முன் தடுமாறுபவன் மூடன் அல்லன்

வெல்லாவெளியிலும் அதனைச் சூழ்ந்த படுவான்கரைக் கிராமங்களிலும் இப்படியொரு பிள்ளையை அறியாதார் யார்? அண்ணாவியார் சொல்லிக்கொடுத்த கூத்துப்பாட்டை இரண்டே நாளில் மனத்திலேற்றிவிடுவான். நெல் விற்ற கணக்கை வாயாலேயே கூட்டிச் சொல்லிவிடுவான். ஆனால் பதினான்கு வயதாகியும் பாடப்புத்தகத்தின் மூன்று வரியை வாசிக்க அவனுக்கு வியர்த்துக் கொட்டும். "மோடன்" என்று வகுப்பு நகைக்கும். "வட்டை வேலைக்காவது உதவட்டும்" என்று வீடு முடிவுகட்டும். ஒரு பிள்ளையின் வாழ்வு அத்தோடு தீர்ந்தது!

இது நீதியா? 1896ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார். கணக்கிலே கெட்டிக்காரனான அச்சிறுவனுக்குத் தன் பெயரையே பிழையின்றி எழுத வரவில்லை. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியில் இவனே முதல்வன் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. இத்தகைய நிலையை இன்று டிஸ்லெக்சியா என்பர். எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் பிறவியிலேயே அமைந்த இடர்ப்பாடு இது. சோம்பலுமன்று, அறிவின் குறையுமன்று.

எழுதியபடியே ஒலிக்கும் தமிழுக்கு இத்தொல்லை ஏது என்று கேட்பாரும் உளர். "கெ" என்பதிலே பின்னர் ஒலிக்கும் உயிரின் குறி முன்னே நிற்கிறது. "கொ" என்பதிலே இருபுறமும் நிற்கிறது. கல், பங்கு, அகம் என்னும் மூன்று சொற்களிலும் ககரம் மூன்று விதமாய் ஒலிக்கிறது. ணகர னகரமும், லகர ளகர ழகரமும் வேறு. நமக்குப் பழகிப்போனவை இவை. அப்பிள்ளைக்கோ ஒவ்வொன்றும் ஒரு தடை.

இதற்கு வழி உண்டு. அமெரிக்காவில் ஓர்ட்டன் என்ற மருத்துவரும் கில்லிங்காம் என்ற ஆசிரியையும் 1930களில் ஒரு முறையை வகுத்தனர். எழுத்தைக் கண்ணால் கண்டு, வாயால் ஒலித்து, காதால் கேட்டு, விரலால் வரைந்து பயில்வதே அம்முறை. மணலிலும் அரிசியிலும் விரல் பிடித்து ஏடு தொடக்கிய நமக்கு இது புதிதா? நாள்தோறும் அரைமணி நேரம், ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், ஒரு வேளைக்குச் சில எழுத்துகள். நெடுஞ்சொற்களைத் துண்டுதுண்டாகப் பிரித்து வாசித்தல். வகுப்பின்முன் நிறுத்தி அவமதியாமை. பதினைந்து வயதிலும் இதனால் பயனுண்டு. வேகம் குறைவாகவே இருக்கலாம். ஆனால் வாசிப்பு வரும்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 2016இல் கட்டாயக் கல்வியின் வயதெல்லை பதினாறாக உயர்ந்தது. சட்டம் பிள்ளையை வாங்கிலே இருத்தும். வாசிக்க வைப்பவர் ஆசிரியரே. இன்று பதினான்கு வயதிலுள்ள பிள்ளை, 2009இல் போர் ஓய்ந்த பின்னர் பிறந்தவன். எனவே, போரைக் காரணங்காட்டி இனியும் தப்பமுடியாது.

நாம் கேட்பது பெரிதன்று. போரதீவுப்பற்றின் ஒவ்வொரு பாடசாலையிலும் இப்பிள்ளைகளை இனங்காணவும் கற்பிக்கவும் பயிற்சிபெற்ற ஆசிரியர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். இதற்குப் பட்டிருப்புக் கல்வி வலயம் பொறுப்பேற்க வேண்டும். சென்னையில் டிஸ்லெக்சியாவுக்கென்றே ஒரு சங்கம் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கிறது; அந்த அனுபவத்தை நாமும் பெறலாம். பரீட்சையில் இப்பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கச் செய்தல் வேண்டும். கற்றுத் தேறிய உத்தியோகத்தரும் மாலையில் அரைமணி நேரத்தை ஒரு பிள்ளைக்கு ஈந்தால் என்ன குறைந்துவிடும்?

உழவர் பெருமக்களே! வயலின் ஒரு மூலையில் பயிர் பிந்தினால் அதனை ஏசுவீர்களா? நீர் ஏறவில்லையா, உரம் போதவில்லையா என்றல்லவோ பார்ப்பீர்கள்! உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் அந்த நீதியையே வழங்குங்கள். மண்வெட்டியை அவன் கையில் கொடுக்குமுன் ஆசிரியரைச் சென்று கேளுங்கள். அவன் பின்னாளில் உழவனாகட்டும், உத்தியோகத்தனாகட்டும்; தான் கையொப்பமிடும் கடதாசியைத் தானே வாசிக்கும் உரிமை அவனுக்கு உண்டு.