கடல் தேறியது, கரை தேறியதா?

2004ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகளின் தொகை 566,202. அவ்வாண்டு டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தது. மாண்டோரும் காணாமற்போனோருமாக இலங்கையில் மட்டும் சுமார் 35,000 பேரை அது கொண்டுபோயிற்று. அடுத்த ஆண்டாகிய 2005இல் வந்த பயணிகளின் தொகை 549,308. அத்தகைய பேரழிவின் பின்னரும் ஏற்பட்ட குறைவு பதினேழாயிரத்தை எட்டவில்லை. இக்கணக்கைக் காட்டி, உல்லாசப் பயணத்துறை மீண்டெழுந்துவிட்டது என்று அன்று கொழும்பில் மேடைபோட்டுப் பேசியவர்கள் பலர்.

அந்தக் கணக்குப் பொய்யன்று. ஆனால் அது முழு உண்மையைச் சொல்லவுமில்லை. நிவாரணப் பணிக்கு வந்தோர், தொண்டு நிறுவனத்தார், எம் தொழில் செய்யும் வெளிநாட்டுச் செய்தியாளர், உறவினரைத் தேடி ஓடிவந்த புலம்பெயர்ந்தோர் எனப் பலரும் அத்தொகைக்குள் அடங்கினர். அவ்வாண்டில் கிழக்குக் கரையில் நான் சந்தித்த வெளிநாட்டவருள், கடலில் நீந்தி மகிழ வந்தவர்கள் மிகச் சிலரே. விமான நிலையத்தில் எண்ணப்படும் தலைகளைக் கொண்டு கடற்கரையின் மீட்சியை அளக்க முடியாது என்பதை அன்றே உணர்ந்தேன்.

வேறு எதைக் கொண்டு அளப்பது? ஸ்கூபா சுழியோட்டத்தை அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அத்தொழிலுக்குத் தெளிந்த நீர் வேண்டும், உயிருள்ள முருகைக்கல் வேண்டும், வள்ளம் வேண்டும், கரையில் அமைதியும் ஒதுங்க இடமும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் தொழில் இல்லை. முதலிரண்டையும் கடல் தரும். மற்றையவற்றை மனிதர்தாம் தரவேண்டும்.

முதலில் நீர். ஆழ்கடலில் சுனாமி அலையின் உயரம் மிகக் குறைவு. அன்று இந்து சமுத்திரத்தின் மேலாகச் சென்ற ஜேசன்-1 என்ற செய்மதி அளந்த அலையின் உயரம் ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர். ஆழம் குறையக் குறையத்தான் அலை எழுந்து நிற்கிறது. அதனால், அவ்வேளை சற்று ஆழமான நீரினுள் இருந்த சுழியோடிகள் சிலர் தம்மை இழுத்துப் புரட்டிய நீரோட்டத்தை மாத்திரமே அறிந்தனர். மேலே வந்த பின்னரே கரை அழிந்திருக்கக் கண்டனர். பின்வாங்கிய அலை மண்ணையும் கூரைத் தகடுகளையும் வலைகளையும் கடலுக்குள் வாரிச் சென்றது. தென்மேற்குக் கரையில் சுழியோட்டப் பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. எனவே ஹிக்கடுவவும் உனவட்டுனவும் உச்சப் பருவத்திலேயே அடிவாங்கின. கிழக்கில் அது வாடைக்காற்றின் காலம். அங்கே ஏப்ரல் அளவில்தான் கடல் அடங்கும். எவ்வாறாயினும், கலங்கிய நீர் தெளிவதற்கு ஆண்டுகள் தேவைப்படவில்லை. அடியில் கிடந்த குப்பையை மனிதர் அள்ள வேண்டியிருந்தது. இலங்கையிலும் தாய்லாந்தின் பீ பீ தீவிலும் தொண்டர்களான சுழியோடிகள் அப்பணியைச் செய்தார்கள்.

அடுத்தது முருகைக்கல். சுனாமி பவளப்பார்களைச் சின்னாபின்னமாக்கியிருக்கும் என்றே எல்லோரும் எண்ணினர். ஆய்வாளர்கள் இறங்கிப் பார்த்தபோது சேதம் இடத்துக்கு இடம் வேறுபட்டிருந்தது. சில பார்கள் கடுமையாக உடைந்திருந்தன. பல பெரும்பாலும் தப்பியிருந்தன. இலங்கையின் பார்களுக்கு அதைவிடப் பெரிய அடி 1998இலேயே விழுந்துவிட்டது. அவ்வாண்டில் எல் நினோவால் கடல் சூடேறி, ஹிக்கடுவ முதலிய இடங்களில் உயிருள்ள முருகைக்கல்லின் பெரும்பகுதி வெளுத்து மடிந்தது. அதற்கும் முன்பிருந்தே சுண்ணாம்புச் சூளைகளுக்காக நாமே பார்களை உடைத்து அள்ளிவந்தோம்.

அந்தக் களவுக்குக் கடல் எழுதிய தீர்ப்பைத் தென்மேற்குக் கரையில் காணலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோருடன் புகையிரதம் புரட்டப்பட்ட பெரலியவில் அலை ஏறக்குறைய 10 மீற்றர் உயர்ந்து, ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே சென்றது. அங்கிருந்து சில கிலோமீற்றர் தெற்கே, பார் பாதுகாக்கப்பட்டிருந்த ஹிக்கடுவவில் அலை 2 முதல் 3 மீற்றர். உள்ளே சென்றது சுமார் 50 மீற்றர். முருகைக்கல் அகழ்வு அழிவைப் பெருக்கியது என்று 2005இல் இதனை ஆராய்ந்தோர் எழுதினர். கடலடித் தரையின் அமைப்பு முதலிய வேறு காரணங்களும் இருக்கலாம். ஆயினும், பாரைக் காப்பது சுழியோட வரும் வெள்ளைக்காரனுக்காக மட்டுமன்று என்பதை உணர்த்த இவ்வொரு சான்று போதும்.

மூன்றாவது வள்ளம். ஆர்தர் சி. கிளார்க்கை உலகம் விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளராக அறியும். இலங்கை அவரைச் சுழியோடியாகவும் அறியும். 1956இல் அவரும் மைக் வில்சனும் திருகோணமலைச் சுவாமிமலையின் அடிவாரக் கடலில் பழைய கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். ஹிக்கடுவவிலிருந்த கிளார்க்கின் சுழியோட்ட நிலையம் 2004இல் தன் உபகரணங்களையும் வள்ளங்களையும் இழந்தது. உலகப் புகழ் பெற்றவரின் நிறுவனம் அவற்றை மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். கடன்பட்டு ஒரு வெளியிணைப்பு இயந்திரம் வாங்கி, விடியலில் வலையும் பகலில் பயணிகளும் ஏற்றிய கடற்றொழிலாளி என்ன செய்வான்? உதவியாக வள்ளங்கள் வந்தன. சில கரைகளில் தேவைக்கு மேலாகவும் வந்தன. அவற்றுள் கடலுக்கு உதவாதவையும் இருந்தன.

நான்காவதே கடினமானது. 2006இல் திருகோணமலை மாவட்டத்தின் மாவிலாற்றில் தொடங்கிய மோதல் முழுப் போராக விரிந்தது. ஆழிப்பேரலை குறைக்காத பயணிகளின் தொகையைப் போர் குறைத்தது: 2008இல் வந்தோர் 438,475 பேர். 2009 மே மாதத்தில் போர் முடிய, 2010இல் 654,476 ஆகவும் 2018இல் 2,333,796 ஆகவும் அத்தொகை ஏறியது.

கிழக்குக் கடல் உலகுக்குத் திறந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மஸ், மட்டக்களப்புக் கடலில் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லை 40 மீற்றர் என்பதால், சிறப்புப் பயிற்சி பெற்றோர் மட்டுமே அதனை அணுகலாம். அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் ஆழம் குறைந்த இடத்தில் உள்ளது. நிலாவெளிக்கு எதிரே 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவு இருக்கிறது. இவ்வளவு செல்வத்தையும் கடல் பத்திரமாக வைத்திருந்தது.

கரையில் நடந்தது வேறு. 2005இல் அரசு, தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள்ளும் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் வீடுகட்டத் தடைவிதித்தது. பாதுகாப்புக்காக என்றார்கள். ஆனால் உல்லாச விடுதிகளுக்கு விலக்களித்தார்கள். கடற்றொழிலாளியை விழுங்கும் அலை பயணியை விழுங்காதோ என்று அக்காலத்தில் அகதி முகாமில் ஒரு முதியவர் என்னிடம் கேட்டார். அதற்கு என்னிடம் பதிலில்லை. தடை பின்னர் தளர்த்தப்பட்டது. அதற்குள் பல குடும்பங்கள் கடலோசை கேட்காத இடங்களில் குடியமர்த்தப்பட்டுவிட்டன. 2011 முதல் பாசிக்குடா வளைகுடாவைச் சுற்றி உயர்தர விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. வள்ளம் ஏற்றவும் வலை காயவைக்கவும் தலைமுறைகளாகப் பயன்பட்ட இடம் சுருங்கியது.

இங்கேதான் எனக்கு வேதனை. வடக்குக் கிழக்குக் கடலில் சிலிண்டர் கட்டிக்கொண்டு சங்கும் கடலட்டையும் எடுக்கும் நம் இளைஞருக்கு, எந்தப் பார் எங்கே, எந்நேரத்தில் நீரோட்டம் எப்படி என்பது மனப்பாடம். ஆழத்திலிருந்து எவ்வளவு மெதுவாக மேலெழ வேண்டும் என்பதை முறையாகக் கற்பிக்க ஆளில்லாமையால், அவர்களுள் கைகால் விளங்காமற் போனோர் உண்டு, உயிரிழந்தோரும் உண்டு. அதே விதியைக் கற்றுச் சான்றிதழ் பெற்றவர் அதே கடலுக்கு வழிகாட்டியாகி வெளிநாட்டுப் பணத்தில் ஊதியம் பெறுகிறார். இருவருக்கும் இடையிலுள்ள தூரம் சில வாரப் பயிற்சியும், அதற்கான கட்டணமும், கொஞ்சம் ஆங்கிலமுமே.

ஆகவே என் கோரிக்கைகள் பெரியவையல்ல. கிழக்கின் சுழியோட்ட உரிமங்களில் ஒரு பங்கு அவ்வூர்க் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு ஒதுக்கப்படட்டும். தமிழில் பயிற்சி நடக்கட்டும். புலம்பெயர்ந்த வாசகர்களே, ஊருக்குக் கோபுரம் கட்ட அனுப்பும் பணத்தில் சிறு பகுதி ஓர் இளைஞனின் பயிற்சிக்குப் போகலாம். புறாத்தீவுக்குச் செல்லும் வள்ளங்களுக்கும் ஆட்களுக்கும் நாளொன்றுக்கு வரம்பு வகுத்து, அது மெய்யாகவே காக்கப்படட்டும். முருகைக்கல்லின் மேல் நிற்கும் கால்களும் எறியப்படும் நங்கூரங்களும் அன்றாடம் விளைவிக்கும் சேதத்தை எந்தச் செய்மதியும் அளப்பதில்லை. கடல் சூடேறுவதை நம்மால் தனித்துத் தடுக்க முடியாது. இதை நம்மால் தடுக்க முடியும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கி 600இற்கும் மேற்பட்டோர் மாண்டபின், நாடு பயணிகளுக்குத் திறந்தே இருக்கிறது என்ற அறிவிப்புகள் மீண்டும் வந்தன. அறிவிப்பில் தவறில்லை. பயணி வந்தால்தான் பலர் வீட்டில் அடுப்பெரியும். ஆனால் மீட்சி என்ற சொல்லை இனி யாரும் உச்சரிக்கும்போது, வந்த தலைகளின் எண்ணிக்கையோடு மற்றொன்றையும் கேளுங்கள்: அலைக்கு முன் அக்கரையில் வாழ்ந்தவர்களுள் எத்தனை பேர் இன்றும் அங்கே தம் சொந்த வள்ளத்தில் ஏறுகிறார்கள்? அந்த எண்ணை எந்த அரசும் இதுவரை நமக்குத் தரவில்லை.