ஐரோப்பாவில் விடைபெறும் செப்புக் கம்பி: முதியோரின் தொலைபேசி என்னவாகும்?

ஐரோப்பாவின் ஃபைபர் வளர்ச்சியைப் பற்றிய செய்திகளில் பெரும்பாலும் ஓர் எண்தான் முன்னால் நிற்கும்: எத்தனை விழுக்காடு வீடுகளுக்குக் கண்ணாடியிழை எட்டியிருக்கிறது என்பது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் சராசரி 64 விழுக்காடு. ஸ்பெயின் 95 விழுக்காட்டில் இருந்தது. அக்கண்டத்தின் மிகப் பெரிய பொருளாதாரமான ஜெர்மனியோ 30 விழுக்காட்டையே எட்டியிருந்தது.

பணக்கார நாடு பின்தங்கியதற்குக் காரணம் பழைய முடிவுகள். 1981இல் ஹெல்முட் ஷ்மிட் அரசாங்கம் நாடு முழுக்கக் கண்ணாடியிழை போடத் திட்டமிட்டது. அடுத்து வந்த ஹெல்முட் கோல் அரசாங்கம் கேபிள் தொலைக்காட்சிக்காகச் செப்புக் கம்பியைத் தேர்ந்தெடுத்தது. பிறகு இணையம் வந்தபோதும், இருக்கும் கம்பியிலேயே வேகத்தைக் கூட்டும் உத்தியில்தான் ஜெர்மனி ஆண்டுகளைச் செலவிட்டது. ஸ்பெயினில் நிலைமை வேறு. டெலிஃபோனிகா நிறுவனத்தின் நிலத்தடிக் குழாய்களைப் போட்டி நிறுவனங்களும் வாடகைக்குப் பயன்படுத்தலாம் என்று ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயமாக்கியது. சாலையைத் தோண்டும் செலவு மிச்சம். மக்களில் பெரும்பாலோர் அடுக்குமாடிகளில் வசிப்பதால் ஒரே கட்டடத்தில் பல வீடுகளுக்கு இணைப்பு கொடுக்க முடிந்தது.

ஆனால் ஃபைபரைப் போடுவதைவிடச் சிக்கலானது பழைய கம்பியை நிறுத்துவது. மலேசியாவில் ஸ்ட்ரீமிக்ஸ் காலத்தைக் கண்டவர்களுக்குச் செப்புக் கம்பி என்றாலே மெதுவான இணையம்தான் நினைவுக்கு வரும். அதற்கு ஒரு நல்ல குணமும் உண்டு. தொலைபேசி நிலையத்திலிருந்தே அதில் மின்சாரம் வருவதால், வீட்டில் மின்தடை ஏற்பட்டாலும் சாதாரணத் தொலைபேசி வேலை செய்யும். கண்ணாடியிழையில் போவது வெறும் ஒளி. வீட்டுச் சுவரில் மின்சாரம் போனால் மோடமும் அணையும், தொலைபேசியும் அணையும்.

2025 ஏப்ரல் 28இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருளில் மூழ்கியபோது இது வெளிப்படையாகத் தெரிந்தது. இணையம் நின்றது, கைப்பேசிக் கோபுரங்களின் பேட்டரிகளும் சில மணி நேரத்தில் தீர்ந்தன. மக்கள் பேட்டரி வானொலியைத் தேடி ஓடினார்கள். ஃபைபரில் முன்னணியில் நின்ற இரு நாடுகளுக்கே இந்த நிலை. அதே ஆண்டில்தான் டெலிஃபோனிகா தன் செப்புக் கம்பி நிலையங்களை மூடும் பணியை முடித்தது.

பிரிட்டனில் இது உயிர்ப் பிரச்சினையாகவே மாறியது. அங்கு தனியாக வாழும் முதியோர், உடல் நலம் குன்றியோர் எனச் சுமார் 18 லட்சம் பேர் கழுத்திலோ கையிலோ அவசர அழைப்புப் பொத்தானை அணிந்திருக்கிறார்கள். கீழே விழுந்தால் அழுத்த வேண்டும். தொலைபேசி வழியாக உதவி மையத்துக்கு அழைப்பு போகும். புதிய இணைப்புக்கு மாற்றிய சில வீடுகளில் இந்தக் கருவி வேலை செய்யாமல் போனது. அதனால் 2023 டிசம்பரில் அரசாங்கம் தலையிட்டது; தொலைபேசி நிறுவனங்கள் கட்டாய மாற்றத்தை நிறுத்தி வைத்தன. 2025 இறுதியில் அணைக்க வேண்டிய பழைய வலையமைப்புக்கு 2027 ஜனவரி வரை ஆயுள் நீட்டிக்கப்பட்டது.

இது ஏதோ தொழில்நுட்பத் தாமதம் என்று சிலர் அலுத்துக் கொண்டார்கள். உண்மையில் அது திட்டமிடுதலில் விடுபட்ட ஒரு வேலை. பயனீட்டாளர் வீட்டுத் தொலைபேசியையே நம்பியிருந்தால், மின்தடையின்போது குறைந்தது ஒரு மணி நேரம் அவசர எண்ணை அழைக்க வழி செய்ய வேண்டும் என்பது பிரிட்டனின் ஒஃப்கோம் விதி. புயலடித்தால் கிராமப்புறங்களில் மின்சாரம் திரும்ப ஒரு நாளுக்கு மேலாவதும் உண்டு. ஒரு மணி நேரம் எதற்குப் போதும்?

இன்னொரு தடையும் இருக்கிறது. எந்த வீட்டில் அவசரப் பொத்தான் இருக்கிறது என்பது தொலைபேசி நிறுவனங்களுக்கு முழுமையாகத் தெரியாது. அந்தப் பட்டியல் நூற்றுக்கணக்கான உள்ளாட்சி மன்றங்களிடமும் பராமரிப்புச் சேவை நிறுவனங்களிடமும் சிதறிக் கிடக்கிறது. அதைக் கேட்டு வாங்கி, வீடு வீடாகச் சரிபார்த்த பிறகே கம்பியை அணைக்க முடியும்.