முகம் கண்டால் போதுமா?

தோழரே! மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலே மாற்றுச் சிறுநீரகம் பெற்றுப் பேரையூர் திரும்பும் உழவன், நாள் தவறாது மருந்துண்டால்தான் அவ்வுறுப்பு நிலைக்கும். தவறினால், உடலே அதனை அயலானெனக் கருதி அழிக்க முனையும். நெரிசல் மிக்க பேருந்திலோ தொற்று காத்திருக்கிறது. 2020இல் வந்த இ-சஞ்சீவனி வழியே வீட்டிலிருந்தபடி மருத்துவரிடம் பேசலாம். நல்லதே, யார் மறுத்தார்? ஆயினும், 'உப்பு' என்று ஊரார் கூறும் கிரியாட்டினின் ஏறிற்றா, டாக்ரோலிமஸ் மருந்து உடலிலே அளவோடு நிற்கிறதா என்பதைக் கைப்பேசித் திரை காட்டுமோ? குருதியன்றோ காட்டும்! 2021இல் பிறந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' டயாலிசிஸ் திரவப் பைகளை வீட்டு வாயிலுக்கே கொண்டு சென்றதே! அவ்வழியிலேயே இவன் குருதியும் ஊரிலே எடுக்கப்பட்டு மதுரைக்குச் செல்லட்டும். மாத்திரை ஊருக்கு வரட்டும். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவர் திரையிலே பேசட்டும்.