சின்னப் பெட்டி நம் வெயிலுக்குத் தாங்கும்

"கடலோர ஊரு சார். வெயிலும் உப்புக் காத்தும் சேர்ந்து அடிக்கும். சின்ன கேபினெட்டெல்லாம் தாங்காது. பெரிசா எடுங்க, முன்னாடி மூணு ஃபேன், பின்னாடி ஒண்ணு போட்டுக்கலாம். முடிஞ்சா வாட்டர் கூலிங்." காரைக்காலில் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்புகிற யாருக்கும் இந்த அறிவுரை கிடைக்கும். தலத்தெருவில் கல்லூரிப் பிள்ளைக்காக வாங்கும் பெற்றோருக்கும் இதுதான், புதிதாக ஜெராக்ஸ் கடை போடுகிறவருக்கும் இதுதான். சொல்கிறவர்கள் ஏமாற்றுவதற்காகச் சொல்வதில்லை, நம்பித்தான் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கை தவறு என்பது என் கட்சி. கணக்கு, கடிதம், பாடம், வீடியோ கால், டிடிபி, ஓரளவு படத்தொகுப்பு என்று வீட்டிலும் கடையிலும் நடக்கும் வேலைகளுக்கு, உப்புக் காற்று வீசும் ஊரில் பெரிய பெட்டியைவிடச் சின்னப் பெட்டியே பொருத்தமானது.

சின்னப் பெட்டி என்று நான் சொல்வது இரண்டு வகை. ஒன்று, 17 சென்டிமீட்டர் சதுரமுள்ள மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டை வைத்து நாமே கட்டிக்கொள்வது. தைவானின் வியா நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த அளவு அது. கிராஃபிக்ஸ் கார்டு இல்லையென்றால் பெட்டி ஐந்து லிட்டருக்குள் அடங்கிவிடும். இன்னொன்று, அலுவலகங்களுக்கென்று வரும் ஒரு லிட்டர் இயந்திரம்: லெனோவோ தின்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ போன்றவை.

முதல் வாதம், இடம் குறைவாக இருந்தால் சூடு தங்கிவிடும் என்பது. கேட்டதும் சரி என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிராசஸர் 65 வாட் சூட்டை வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் காற்று 10 டிகிரி கூடுதல் சூட்டோடு வெளியேறினால் போதும் என்றால், நொடிக்கு ஏறத்தாழ ஐந்தரை லிட்டர் காற்று பெட்டியைக் கடந்து போக வேண்டும். பெட்டி ஐந்து லிட்டரானாலும் நாற்பது லிட்டரானாலும் இந்த அளவு மாறாது. நாற்பது லிட்டர் பெட்டியை அடைத்து வைத்தால் அதிலுள்ள காற்று 10 டிகிரி சூடேற ஏழு நொடி போதும். தகடும் பலகையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்வதால் இன்னும் சற்று நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். பெரிய பெட்டி தரும் சலுகை அந்தச் சற்று நேரம் மட்டுமே. அதற்குப் பிறகு காற்றுக்கு வழி இருக்கிறதா என்பதே கேள்வி. கிழக்கு மேற்காக எதிரெதிரே ஜன்னல் வைத்த சின்ன ஓட்டு வீடு, ஒரே ஜன்னல் வைத்த பெரிய மாடி ஹாலைவிடக் குளுமையாக இருப்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

சொல்லப்போனால், வழி விஷயத்தில் சின்னப் பெட்டிக்குத்தான் வசதி. பக்கத் தகட்டில் துளைகள், அதையொட்டியே கூலரின் ஃபேன். அது இழுப்பது அறையின் புதுக் காற்றை. பெரிய கேபினெட்டில் கூலர் நடுவில் கிடக்கிறது. மற்ற பாகங்கள் சூடாக்கிய காற்றைத்தான் அது மறுபடி இழுக்கிறது. முன்பக்கம் கண்ணாடி பதித்த கேபினெட்டில் நிலைமை இன்னும் மோசம். ஆனால் சின்னப் பெட்டியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தால், வெளியே தள்ளிய சூடான காற்றே சுற்றிக்கொண்டு அந்த இடுக்கில் திரும்பி நுழையும். அந்த இடைவெளியை ஃபேனைச் சுற்றி ஒரு ஸ்பாஞ்சு வளையத்தால் அடைத்தாலே சூடு சில டிகிரி இறங்கிவிடும்.

"ஆப்பிளே சின்னப் பெட்டி செய்து தோற்றது" என்று 2000-இல் வந்த ஜி4 க்யூபைச் சிலர் சாட்சிக்கு இழுப்பார்கள். ஃபேனே இல்லாத அந்தப் பெட்டியின் விற்பனை அடுத்த ஆண்டே நின்றது உண்மை. அது விற்காமல் போனதற்கு முதல் காரணம் 1,799 டாலர் விலை. அதே நிறுவனம் 2005-இல் மேக் மினியைக் கொண்டுவந்தது. 2024-இல் வந்த மேக் மினி 12.7 சென்டிமீட்டர் சதுரம், 5 சென்டிமீட்டர் உயரம்தான்.

இரண்டாவது வாதம், நம் ஊர் வெயில். கத்திரியில் காரைக்காலில் 38 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கூலர் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். அறையின் வெப்பநிலைக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் பிராசஸரின் சூடு நிற்கும். 25 டிகிரி அறையில் 60-இல் நிற்கும் பிராசஸர், 36 டிகிரி அறையில் 71-இல் நிற்கும். பதினொரு டிகிரி கூடியது அறையில். அதே பதினொன்றுதான் பிராசஸரிலும் கூடும். ஏஎம்டி ரைசன் 5 5600ஜி-க்கு நிறுவனம் சொல்லும் எல்லை 95 டிகிரி. நடுவில் இன்னும் 24 டிகிரி பாக்கி இருக்கிறது. வாட்டர் கூலிங்கும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டதே. அது சூட்டைத் தண்ணீர் வழியாக ரேடியேட்டருக்குக் கொண்டுபோய், அங்கே அறைக் காற்றில்தான் விடுகிறது. அறையைவிடக் குளிர்ச்சியாக எதையும் வைக்க அதற்கு வழியில்லை. திருச்சி என்ஐடியில் 2022-இல் நிறுவிய பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டருக்குத் திரவக் குளிர்ச்சி வேண்டும். ஆதார் விண்ணப்பம் போடுகிற கம்ப்யூட்டருக்கு எதற்கு?

வெயிலுக்கு ஈடு கொடுக்க ஃபேனைக் கூட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது, சூட்டையே குறைப்பது. கடைகளில் இதை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம். பிராசஸர் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தோடு இருமடியாகவும் ஏறும். 4.4 கிகாஹெர்ட்ஸில் 1.35 வோல்ட் கேட்கும் ஒரு பிராசஸரை 4 கிகாஹெர்ட்ஸில் நிறுத்தினால் 1.15 வோல்ட் போதும் என்று வைத்துக்கொள்வோம். வேகம் பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. சூடு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். 5600ஜி-யை 45 வாட்டுக்குக் கட்ட, கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பிலேயே வழி இருக்கிறது. இன்டெல்லில் பெயரின் கடைசியில் 'டி' எழுத்து வரும் 35 வாட் வகைகள் இருக்கின்றன. ஒரு லிட்டர் இயந்திரங்களில் பெரும்பாலும் இருப்பவை அவைதான். பெட்டி அட்டையில் போட்டிருக்கும் வாட்டை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஐ5-12400-க்கு 65 வாட் என்று போட்டிருக்கும். வேகமெடுக்கும் நேரத்தில் 117 வாட் வரை போக அதற்கு அனுமதி உண்டு. அந்த எல்லையை பயாஸில் இறக்கி வைத்துவிட்டுத்தான் கூலரின் அளவைப் பேச வேண்டும்.

மூன்றாவது வாதம் உப்புக் காற்று. உப்பால் வரும் கேடு உண்மை என்பதால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். தலத்தெருவில் இரும்புக் கேட்டும் சைக்கிள் செயினும் என்ன ஆகின்றன என்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஆனால் உப்பு கம்ப்யூட்டருக்குள் எப்படிப் போகிறது? காற்றோடு போகிறது. ஆறு ஃபேன் வைத்த பெட்டி ஒரு ஃபேன் வைத்த பெட்டியைவிடப் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறது. காற்று எவ்வளவோ அவ்வளவு உப்பும் தூசியும். குளிர்ச்சிக்கென்று ஃபேனைக் கூட்டுகிறவர், எதற்குப் பயந்தாரோ அதையே ஆறு வாசல் வழியாக உள்ளே அழைக்கிறார்.

படிந்த உப்பு உடனே அரிக்காது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சோற்றுப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகும். அந்த நீர்ப்படலம்தான் செம்பையும் ஈயப் பற்றையும் தின்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க் காற்று பல நாட்கள் அந்த அளவைத் தாண்டியே நிற்கும். ஓடுகிற கம்ப்யூட்டரின் உள்ளே நிலைமை வேறு. வெளியே 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரம் என்றால், அதே காற்று பெட்டிக்குள் 40 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஈரப்பதம் 46 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். உப்பு அப்போது காய்ந்து கிடக்கும். ஆக, மழைக்காலத்தில் கடலோரக் கம்ப்யூட்டரின் பகை அதன் சூடு அல்ல. நாள்கணக்கில் அணைத்துப் போட்டு வைப்பதுதான். சோம்பலாக ஓடும்போது 15, 20 வாட் மட்டுமே தின்னும் சின்னப் பெட்டியை அடைமழை நாளில் பகல் முழுக்க ஓடவிட்டாலும் மின்கட்டணம் பயமுறுத்தாது.

ஏசி அறையில் வைத்தால் பாதுகாப்பு என்பதும் முழு உண்மையில்லை. இரவெல்லாம் 23 டிகிரியில் குளிர்ந்து, அணைந்து கிடந்த இயந்திரத்தின் மேல் காலையில் ஜன்னலைத் திறந்ததும் கடலோரக் காற்று வந்து படும். அந்தக் காற்றின் ஈரம் நீராகத் தொடங்குவது 25, 26 டிகிரியில். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பதுபோல மதர்போர்டும் வியர்க்கும். ஏசி இல்லாத அறையில் இந்த ஆபத்தே இல்லை.

சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று பல்லி. மின்சாரம் வழங்கும் பெரிய எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க வலை வழியாகக் குட்டிப் பல்லி உள்ளே போய், ஷார்ட் ஆகி, மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போன கதை பழுது பார்ப்பவர்கள் எல்லாரிடமும் இருக்கும். லேப்டாப் போல வெளியே கிடக்கும் அடாப்டரில் ஓடும் சின்னப் பெட்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அந்த அடாப்டர் மூடிய கட்டி. மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் வேலையின் சூட்டில் பெரும்பகுதியும் பெட்டிக்கு வெளியிலேயே போய்விடும்.

நான்காவது வாதம், சின்ன ஃபேன் கத்தும் என்பது. 40 மில்லிமீட்டர் ஃபேன் கத்தும், ஒப்புக்கொள்கிறேன். அதை வாங்காதீர்கள். 92 மில்லிமீட்டர் ஃபேனோடு 37 மில்லிமீட்டர் உயரத்தில் அடங்கும் கூலர்கள் இருக்கின்றன. ஆஸ்திரியாவின் நோக்டுவா செய்யும் என்ஹெச்-எல்9 அதில் ஒன்று. முழு வேகமான 2,500 சுற்றில் 23.6 டெசிபல், 1,800 சுற்றில் 14.8 டெசிபல் என்பது நிறுவனத்தின் அளவு. பொதுவாக ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி 15 டெசிபல் அளவுக்கு இறங்கும். வாட்டைக் குறைத்தால் வேகத்தைக் குறைக்கலாம். வேகம் குறைந்தால் சத்தம் போய்விடும்.

காதை உறுத்துவது சத்தத்தின் அளவைவிட அதன் ஏற்ற இறக்கம். இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால் விர்ரென்று ஏறி, மூடினால் இறங்கி, மறுபடி ஏறுகிற ஃபேன்தான் எரிச்சல். பயாஸில் ஃபேன் பகுதிக்குப் போய், 65 டிகிரி வரை ஒரே தாழ்ந்த வேகம், அதற்கு மேல் மெல்ல ஏற்றம், ஏறுவதற்கு முன் சில நொடி பொறுத்திருக்கட்டும் என்று வைத்துவிட்டால் அந்த விர்ர் அடங்கிவிடும். ஐந்து நிமிட வேலை, செலவு எதுவும் இல்லை.

சீலிங் ஃபேன் ஓடும் வீட்டில் கம்ப்யூட்டர் சத்தம் யாருக்குக் கேட்கும் என்பார்கள். காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமையோடு பிரான்சில் வாழும் பிள்ளைகளைக் கொண்ட வீடுகள் நிறைய. இங்கே இரவு ஒன்பது என்றால் பாரிஸில் மாலை நாலரை அல்லது ஐந்தரை. பேத்தியோடு பேசும் நேரம் அது. மேசை மேல் மைக்குக்குப் பக்கத்திலேயே பெட்டி இருக்கும். அதன் இரைச்சல் பாட்டியின் குரலோடு கலந்துதான் அங்கே போகிறது. அந்த வீட்டில் கேட்டுப் பாருங்கள், சத்தம் முக்கியமா இல்லையா என்று.

விலையைப் பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மினி ஐடிஎக்ஸ் போர்டு, அதே வசதியுள்ள பெரிய போர்டைவிடக் கூடுதல் விலைதான், தேர்வும் குறைவு. ஆனால் ஆறு ஃபேன், வாட்டர் கூலர், கண்ணாடிக் கேபினெட், 650 வாட் எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றுக்கும் கொடுக்கும் பணத்தைக் கழித்துப் பார்த்தால் கணக்கு நேராகிவிடும். அந்த 650 வாட் எஸ்எம்பிஎஸ் 30 வாட் வேலைக்கு ஓடும்போது அதன் திறனும் மிகவும் கீழே கிடக்கும். கம்பெனிகள் கழித்துவிட்ட ஒரு லிட்டர் இயந்திரங்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கின்றன. தெர்மல் பேஸ்ட்டை மாற்றி, ஹீட்சிங்கின் தூசியைத் தட்டிவிட்டால் அவற்றில் பல புதிதுபோல ஓடும். கரண்ட் போனாலும் இதில் ஒரு நிம்மதி: மானிட்டரோடு சேர்த்து 45 வாட் தின்னும் சின்னப் பெட்டியைச் சாதாரண 600 விஏ யுபிஎஸ் புதிய பேட்டரியில் அரை மணிக்குக் குறையாமல் தாங்கும்.

200, 300 வாட் கிராஃபிக்ஸ் கார்டு வைத்து விளையாடுகிறவர், நாள் முழுக்கப் படம் ரெண்டர் செய்கிறவர் பெரிய பெட்டியே வாங்கட்டும். அவர்களுக்கு அது தேவை. அந்தத் தேவையை எல்லார் தலையிலும் கட்டுவதைத்தான் மறுக்கிறேன். அடுத்த முறை கடைக்குப் போகும்போது "எத்தனை ஃபேன் வரும்?" என்று கேட்காதீர்கள். "இந்தப் பிராசஸரை எத்தனை வாட்டில் நிறுத்தலாம், காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறும்?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் சொல்லத் தெரிந்த கடையில் வாங்குங்கள்.