தோட்டத்து வாசலோடு நின்றுவிடும் தண்ணீர்

தொழில் வளர வேண்டுமானால் தண்ணீர் வேண்டும். இதை எந்தத் தொழிலாளியும் மறுக்க மாட்டான். பாலை உறைய வைக்கவும் ஷீட்டைக் கழுவவும் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் ஓடும் என்பதைக் கித்தா ஆலையில் நின்றவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே அரசாங்கம் பெரிய நீர்த் திட்டங்களைப் போடும்போது நாம் எதிர்த்து நிற்கவில்லை, வரவேற்கிறோம். ஆனால் அந்தத் தண்ணீர் எதுவரை போகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

பகாங்கிலிருந்து சிலாங்கூருக்குத் தண்ணீர் கொண்டுவரும் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். செமந்தான் ஆற்றில் இறைத்த நீர், தித்திவங்சா மலைத்தொடரின் அடியில் குடையப்பட்ட 44.6 கிலோமீட்டர்ச் சுரங்கத்தின் வழியாகத் தானாகவே சரிந்து ஊலு லங்காட்டுக்கு வந்து சேருகிறது. தினம் 189 கோடி லிட்டர் கொண்டுவரக்கூடிய சுரங்கம் அது. இதற்காக 2005இல் ஜப்பானிடம் சுமார் 8,200 கோடி யென் கடன் வாங்கப்பட்டது. மலைக்குள்ளே சுடுபாறையோடும் வெந்நீர்க் கசிவோடும் போராடிக் குடைந்து, 2014இல் இரு முனைகளையும் ஒன்று சேர்த்தவர்கள் தொழிலாளர்கள். அந்த நீரைச் சுத்திகரிக்கும் இரண்டாவது லங்காட் நிலையத்தின் முதற்கட்டம் மட்டும் தினம் 113 கோடி லிட்டருக்கு அமைக்கப்பட்டது.

இவ்வளவு பெரிய வேலை தேவையா என்று கேட்பவர்கள் 1998ஆம் ஆண்டை மறந்தவர்கள். அந்த ஆண்டு வறட்சியில் கிள்ளான் பள்ளத்தாக்கு ஜனங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றார்கள். 2014இல் மறுபடியும் பங்கீடு வந்தது. தண்ணீர் நின்றால் தொழிற்சாலை நிற்கும். ஷா ஆலாமிலும் கிள்ளானிலும் ஷிப்டு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளின் சம்பளமும் அதோடு நிற்கும். திட்டம் தேவைதான். அதற்கான விலையை எல்லாரும் ஒரே அளவில் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கெலாவ் அணைக்கட்டுக்காகத் தங்கள் மண்ணை விட்டுப் பெயர்ந்தவர்கள் பூர்வகுடி மக்கள். மண்ணை விட்டுப் பெயர்வது என்ன என்பது நமக்கும் தெரியும்.

பெட்டாலிங் ஜெயா ஒரு காலத்தில் எஃபிங்ஹாம் தோட்டம். புத்ராஜெயா நேற்றுவரை பிராங் பெசார் தோட்டம். நாம் கித்தா வெட்டிய நிலத்தில்தான் இன்று மாடிக் கட்டடங்களும் தொழிற்பேட்டைகளும் நிற்கின்றன. காடழித்து மரம் நட்ட காலத்தில் லயத்து ஜனங்கள் கிணற்றையும் ஓடையையும் நம்பியே இருந்தார்கள். வரிசைக்கு ஒரு பொதுக் குழாய் வந்தபோது அதையே பெரிய வாழ்வாக நினைத்தார்கள். தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, ஜனங்கள் வெளியேறிய பிறகு, அதே மண்ணில் ஆள் உயரக் குழாய்களைப் பதித்துவிடுகிறார்கள்!

இன்னும் மிச்சமிருக்கும் லயங்களின் நிலை என்ன? கித்தாவோ செம்பனையோ, தோட்டம் என்பது தனியார் நிலம். ஆகவே அரசாங்கக் குழாய் வாசல் மீட்டரோடு நின்றுவிடும். அதற்கு உள்ளே இருப்பதெல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. அந்தக் குழாய்கள் தாத்தா காலத்தவையாக இருக்கும். துருவேறி, மேட்டு லயத்துக்குத் தண்ணீர் ஏறாது. பிரட்டுக்குப் போகுமுன் இருட்டில் எழுந்து குடத்தை வைத்துவிட்டு, சொட்டுச் சொட்டாக நிறைவதைப் பார்த்து நிற்கும் பெண்ணுக்கு 189 கோடி லிட்டர் என்ற கணக்கு எதைச் சொல்லும்?

சட்டம் இல்லாமல் இல்லை. தோட்ட வீட்டில் தொழிலாளரைக் குடிவைக்கும் முதலாளி, பொதுக் குழாயிலிருந்து போதுமான தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பொதுக் குழாய் இல்லாத இடத்தில் வேறு வழிக்கு அனுமதி பெறலாம் என்று ஒரு சந்து அதிலேயே இருக்கிறது. அந்தச் சந்தில் எத்தனை தோட்டங்கள் ஒளிந்துகொள்கின்றன! நாளைக்கு வீட்டுமனையாக விற்கப் போகிற நிலத்தில் இன்றைக்கு யார் செலவு செய்து புதுக் குழாய் பதிப்பார்? ஓட்டைக் கூரையும் துருக் குழாயும் அவர்களுக்குக் கணக்கில் லாபம்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். நாடு முழுவதும் சுத்திகரித்து அனுப்பப்படும் தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஒழுகியும் திருடு போயும் மீட்டரில் ஏறாமலும் கட்டணமின்றிப் போகிறது. மலையைக் குடைய முடிந்தவர்களுக்கு ஒழுகலை அடைக்க முடியாதா? மண்ணுக்குள் போகும் தண்ணீரில் சிறு பங்கைக் காப்பாற்றினாலே எல்லா லயங்களுக்கும் ஊற்றிவிட்டு மிச்சம் பிடிக்கலாம்.

தொழிற்சாலைகளுக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. சைபர்ஜெயாவிலும் ஜொகூரிலும் டேட்டா சென்டர் எனப்படும் கணினிக் கிடங்குகள் எழும்பியிருக்கின்றன. ஆட்களுக்கு அங்கே வேலை கொஞ்சம். இயந்திரங்களின் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் ஏராளம். குடிக்கிற நீரையே அதற்கும் ஊற்ற வேண்டும் என்பது என்ன விதி? பக்கத்துச் சிங்கப்பூர் 2003 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்து மின்னணுத் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்புகிறது. ஆற்றைக் கெடுப்பவர்களையும் விடக்கூடாது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் கொட்டிய கழிவு சிலாங்கூர் ஆற்றில் கலந்ததால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. சுமார் பன்னிரண்டு லட்சம் குழாய் இணைப்புகள் வறண்டன.

நாம் கேட்பது தயவு அல்ல. தோட்ட நிலத்தின் வழியே பெருங்குழாய் போட அனுமதி கேட்கும்போது, அந்தத் தோட்டத்து லயங்களுக்கு வீட்டுக்கு ஒரு குழாய் என்பதை அனுமதியிலேயே நிபந்தனையாக எழுத வேண்டும். நிலத்தின் உபயோகத்தை மாற்ற மனு போடும் நிர்வாகம், கடைசிக் குடும்பம் வெளியேறும்வரை தண்ணீர் தரக் கட்டுப்பட வேண்டும். இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்து நம் லயங்களில் தங்கியிருக்கும் தோழர்களும் இந்தக் கணக்கில் அடக்கம். தாகத்துக்குப் பாஸ்போர்ட் கிடையாது.

கிளைச் செயலாளர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். தங்கள் தோட்டத்தில் எத்தனை வீடுகள், பொதுக் குழாய் எங்கே முடிகிறது, காலையில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்து எத்தனை மணிக்கு நிற்கிறது என்பதை ஒரு வாரம் பார்த்து எழுதி, வீட்டுக்காரர்களின் கையெழுத்தோடு தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். தொழிலாளர் இலாகாவிடம் நாம் பேசப் போகும்போது அந்தக் காகிதங்கள் நம் கையில் இருக்க வேண்டும்.