திரும்பி வரும் வழி

விக்டோரியா அணைக்கட்டின் அருகே வாழும் திகன வாசிகளுக்கு மின்சாரம் புதிய பொருளன்று. 1985 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அவ்வணையின் நீர், நாட்டின் விளக்குகளில் ஒரு பகுதியை எரியச் செய்கின்றது. அத்துணைப் பெரிய மின்சாரத்தின் அண்டையிலே, ஒரு சிறிய காரின் 12 வோல்ற்று மின்சாரம் நமக்கு ஒரு பாடம் புகட்டியது. அதனையே இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

நம்மிடம் பௌதிகம் பயின்ற மாணவர் ஒருவர் திகனயில் வசிக்கின்றார். காலஞ்சென்ற தந்தையார் அவருக்கு விட்டுச் சென்றது ஒரு பழைய மொரிஸ் மைனர் கார். இங்கிலாந்தில் 1948 ஆம் ஆண்டு வெளிவந்த இவ்வகைக் கார், இலங்கைக் குடும்பங்கள் பலவற்றில் ஓர் அங்கத்தவர் போலவே வாழ்ந்து வருகின்றது. மாணவர் அதன் பழைய என்ஜினை இறக்கிவிட்டு, ஜப்பானிய என்ஜின் ஒன்றை ஏற்றினார். காருக்குப் புது வர்ணமும் பூசுவித்தார்.

பார்வைக்குக் கார் மணமகன் போல் இருந்தது. ஆனால் காலை வேளையில் ஸ்டார்ட்டர் நோயாளி போல் முனகியது. மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கும்போது என்ஜின் விக்கியது. பற்றரியை மாற்றினார், பிளக்குகளை மாற்றினார். பணம் போயிற்று, குறை போகவில்லை.

ஒருநாள் தாயாரை ஏற்றிக்கொண்டு மகியங்கனைப் பாதையில் இறங்கி வருகையில், அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்த பின்பும் என்ஜினின் வேகம் தணியவில்லை. நல்லவேளையாக, சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்து, பிரேக்கை மிதித்துக் காரை ஓரத்தில் நிறுத்திவிட்டார். "அப்பாவின் நினைவுக்கு அவருடைய படம் போதும், மகன். இந்தக் காரை விற்றுவிடு" என்று தாயார் சொல்லிவிட்டாராம்.

"விற்பதற்கு முன் ஒருமுறை வந்து பாருங்கள், சேர்" என்று மாணவர் நம்மை அழைத்தார். நாம் கராஜ் தொழில் கற்றவர் அல்லோம். எனினும் வோல்ற்றுமானி ஒன்றை எடுத்துக்கொண்டு சென்றோம்.

வீட்டிலே 'எர்த்' என்பது மெய்யாகவே பூமிக்குள் இறங்கும் கம்பி. காரிலோ அப்படியன்று. றப்பர் சில்லுகளில் நிற்கும் காருக்கும் பூமிக்கும் தொடர்பு ஏது? காரின் இரும்பு உடலையே அங்கு எர்த் என்கின்றோம். பற்றரியின் ஒரு முனையிலிருந்து வயர் வழியே செல்லும் மின்னோட்டம், தன் வேலையை முடித்துக்கொண்டு அந்த இரும்பு உடல் வழியே மறுமுனைக்குத் திரும்புகின்றது. ஆனால் என்ஜினோ, அதிர்வு தெரியாதிருக்கும் பொருட்டு, றப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கின்றது. றப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகையால் என்ஜினையும் உடலையும் ஒரு தடித்த செப்புப் பின்னற் பட்டியால் இணைத்தல் வேண்டும்.

மாணவரும் பட்டியைப் பூட்டியே இருந்தார். ஆனால் புது வர்ணத்தின் மேலேயே பூட்டியிருந்தார்! வர்ணம் அழகுக்கு நண்பன், மின்சாரத்துக்குப் பகைவன்.

வோல்ற்றுமானியின் ஒரு முனையை என்ஜினின் இரும்பிலும், மறுமுனையைப் பற்றரியின் எதிர்முனையிலும் வைத்து, ஸ்டார்ட்டரை இயக்கச் சொன்னோம். இணைப்பு நன்றாயிருந்தால் அரை வோல்ற்றுக்கு மேல் காட்டக்கூடாது. முள்ளோ 3 வோல்ற்றைத் தொட்டது. இத்தகைய ஸ்டார்ட்டர் ஏறக்குறைய 150 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். ஓமின் விதிப்படி, அவ்வழியில் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ற்று வீணாகிவிடும். ஸ்டார்ட்டர் முனகாமல் என்ன செய்யும்?

நேர்வழி அடைபட்டால் மின்சாரம் குறுக்குவழி தேடும். அக்சிலேற்றர் கம்பி, காரின் உடலையும் என்ஜினையும் இணைப்பதல்லவா? மின்னோட்டத்தில் ஒரு பங்கு அம்மெல்லிய கம்பியினூடே திரும்பியிருக்கின்றது. கம்பி சூடேறி, அதன் உறையின் உட்புறம் உருகி, கம்பியைப் பற்றிக்கொண்டது. காபரேற்றர் அருகே, அதன் நுனியில் பொறி பறந்து உண்டான சிறு குழிகளையும் கண்டோம். இரு உலோகங்கள் தளர்வாகத் தொட்டு விலகும்போது, மின்னோட்டம் இடைவெளிக் காற்றைத் தாண்டிப் பாயும். அந்த வெப்பம் உலோகத்தையும் உருக்கும். பக்கத்திலே பெற்றோல் ஆவி! தாயார் கொண்டது வீண் பயமன்று.

பனிமூட்டத்தில் விக்கிய காரணத்தை அறிய, இருட்டிய பின் என்ஜினை ஓடவிட்டு மூடியைத் திறந்து பார்த்தோம். பிளக் வயர்களிலிருந்து இரும்பின் மேல் நீலப் பொறிகள் தாவின. வயர்களின் உறை வெடித்திருந்தது. இன்னுமொரு காரணமும் உண்டு. பழைய மொரிஸ் மைனரில் பற்றரியின் நேர்முனையே எர்த். புது என்ஜினுக்காக எதிர்முனையை எர்த் ஆக்கியவர், பழைய கொயிலின் இரு சிறு வயர்களை இடம் மாற்ற மறந்துவிட்டார். பிளக்கின் நடுமுனை மிகச் சூடானது. சூடான உலோகத்திலிருந்து இலத்திரன்கள் எளிதில் வெளியேறும். ஆகவே அம்முனை எதிர்மின் உடையதாய் இருத்தல் நன்று. மாறினால், பொறி பறக்க அதிக வோல்ற்று தேவைப்படும். அந்த மிகை அழுத்தம், ஈரம் படிந்த வெடிப்புகள் வழியே தப்பி ஓடும்.

மருந்து பெரிதன்று. பட்டி பூட்டும் இடத்தில் வர்ணத்தை இரும்பு பளபளக்கும்வரை சுரண்டினோம். புதுப் பட்டி, புது பிளக் வயர்கள், புது அக்சிலேற்றர் கம்பி ஆகியவற்றைப் பூட்டி, கொயிலின் வயர்களையும் மாற்றினோம். பின்னர் முள் 0.2 வோல்ற்றைத் தாண்டவில்லை.

இதனைச் செய்து பார்க்க விழையும் மாணவர்கள் இரண்டை மறவாதிருக்க வேண்டும். வயர்களில் கைவைக்குமுன் பற்றரியின் எர்த் வயரை முதலிற் கழற்றுக. என்ஜின் ஓடும்போது பிளக் வயரைத் தொடாதிருக்க.

வீடு திரும்புகையில் நம் மனத்தில் ஒரு சிறு வெட்கம் இருந்தது. ஓமின் விதியில் அம்மாணவர் என்றும் பிழை விட்டவரல்லர். கரும்பலகையில் நாம் வரைந்த சுற்றுக்களில் போகும் வழிக்கு ஒரு கோடு, வரும் வழிக்கு ஒரு கோடு இருந்தது. காரில் அந்த இரண்டாவது கோடு வர்ணம் பூசிய இரும்பாகவும் இருக்கும் என்பதை நாம் ஒருநாளும் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்த ஆண்டு சொல்லத் தொடங்கியிருக்கின்றோம்.

கார் விற்கப்படவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தாயார் அதிலேயே கோவிலுக்குப் போனார்.